மாமா, அது ஒழுக்கம் இல்லை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மன்னார்குடி மாமா நேற்று ஒரு வீடியோ போட்டிருந்தார். வட கொரியாவை ஆளும் கிம் குடும்பத்தைப் புகழ்ந்து 2013 வரை நடந்த அரிராங் விழா. தலைநகர் பியோங்யாங்கின் மே தின அரங்கத்தில் ஒரு லட்சம் பேர் வரை பங்கேற்ற நிகழ்ச்சி அது. எதிர்ப்பக்க இருக்கைகளில் பெரிய பெரிய ஓவியங்கள் கண் இமைக்கும் நேரத்தில் மாறுகின்றன. "என்ன ஒழுக்கம் பாருங்க. நம்ம பிள்ளைங்க இப்படிச் செய்யுமா?" என்று கேட்டிருந்தார். சித்தி, அத்தை, அண்ணன் எல்லாரும் கைதட்டல் போட்டிருந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாமா, அந்த ஓவியம் திரையில் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் வண்ண அட்டைகளைப் பிடித்து உட்கார்ந்து, சைகை வந்ததும் திருப்புகிறார்கள். ஒரு பிள்ளை ஒரு புள்ளி. இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி. வட கொரியா பற்றி ஐ.நா. விசாரணை ஆணையம் 2014இல் தந்த அறிக்கையில் ஒரு சாட்சியம் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பையன், குடல்வால் வீங்கிய வலியோடு பயிற்சி செய்துகொண்டே இருந்திருக்கிறான். நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் செத்துப்போனான். தலைவர் பார்க்கும் நிகழ்ச்சிக்காக உயிரையே கொடுத்தான் என்று அவனை வீரனாக்கிவிட்டார்கள்.

அரிராங் என்பது கொரிய மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் நாட்டுப்பாட்டின் பெயர். நம் ஆச்சிகள் வயலில் குனிந்தபடி பாடிய நடவுப் பாட்டை ஒருவன் பிடுங்கி, தன் குடும்பத்துக்குத் துதியாக்கி, நம் பிள்ளைகளையே ஆடச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலும் இதுதான் நடந்தது. 1937 ஜூலை 18 அன்று ஹிட்லர் ஆட்சி 'ஜெர்மானியக் கலை' என்று தெருவெல்லாம் அலங்கார ஊர்வலம் விட்டது. மறுநாளே, அருங்காட்சியகங்களில் பறித்த நவீன ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று மாட்டி, மக்களைக் கூப்பிட்டுச் சிரிக்க வைத்தது.

ஆனால் என்னை உலுக்கியது உக்ரைன் தலைநகர் கியேவ். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்து கியேவுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், நம் தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம் போகிற தூரம். மாத முடிவில் காற்றும் கியேவ் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியும் அன்றைய சோவியத் அரசு அங்கே மே 1 ஊர்வலத்தை நிறுத்தவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டியாக வேண்டுமே! குழந்தைகள் அலங்கார உடையில் அந்தக் காற்றுக்குள்ளேயே ஆடிக்கொண்டு போனார்கள்.

நம்மிடம் ஒழுக்கம் இல்லையா மாமா? திருவாரூர் ஆழித்தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். ஒரு நொடி தவறினால் கால் போய்விடும். திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடும்போது நூற்றுக்கணக்கான குரல் ஒன்றாக எழும். ஆனால் வடம் பிடித்தவன் கை வலித்தால் விட்டுவிட்டு மோர்ப் பந்தலுக்குப் போகலாம். யார் வடம் பிடிக்கலாம் என்று தமிழ்நாட்டில் சாதிச் சண்டை நடந்திருக்கிறது, அது நமக்கு வெட்கக்கேடு. அந்த அநியாயத்தை எதிர்த்து வழக்குப் போகவும் ஒரு வழி இருந்தது.

அப்புறம், என் எட்டாம் வகுப்பு ஞாபகம். ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று எங்களைக் கும்பகோணம் சாலையோரம் கொடியோடு நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து வெயிலில். தண்ணீர் இல்லை, உட்காரக் கூடாது. பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டார். சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பி வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்காக யாரும் அவரைத் தேடி வரவில்லை.

வலியோடு ஆடிச் செத்த அந்தப் பையனுக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார். மாமா, இதைக் குழுவிலும் போடுகிறேன். சித்தியும் அத்தையும் படிக்கட்டும்.