பாரதத்தை ஐந்து நாளில் முடிக்க வேண்டாம்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவைச் சுருக்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. கொடியேற்றத்திலிருந்து தருமர் பட்டாபிஷேகம் வரை, மகாபாரதக் கதையைப் பிரசங்கமாகவும் கூத்தாகவும் ஏறக்குறைய ஒரு மாதம் நடத்துகிற விழா இது. இதை ஐந்து நாளாக்கி, கூத்தை இரண்டு ராத்திரியோடு நிறுத்தி, மிச்சப் பணத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி வைத்துவிடலாம் என்பது யோசனை. சொல்பவர்கள் ஊருக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. வசூல் குறைந்துவிட்டது, பிள்ளைகள் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், விடிய விடிய உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை என்கிறார்கள். சொல்கிற காரணமெல்லாம் நிஜம்தான். எடுக்கப் பார்க்கிற முடிவுதான் தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தெற்கத்தி நண்பர்களுக்காக ஒரு விளக்கம். செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, காஞ்சிபுரம், ஆரணி என்று இந்தப் பக்கம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரியைத்தான் எல்லாவற்றுக்கும் ஆதிக்கோயில் என்று சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் வருஷக்கணக்கில் இந்தப் பகுதியில் அலைந்து, 1988-லும் 1991-லும் இந்த வழிபாட்டைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கிற பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் ஓடிக்கொண்டே இருக்கும். 'பாரதம் வைத்திருக்கிறார்கள்' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள்.

மத்தியானம் பந்தலில் பிரசங்கம். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்திலிருந்து விருத்தத்தை எடுத்துப் பாடி, பதம் பிரித்து, ஊர்ப் பேச்சில் கதை சொல்வார் பிரசங்கி. பின்பாட்டுக்காரர் கூடவே இழுப்பார். 4,000 பாட்டுக்கும் மேல் உள்ள காவியம் அது. ஏறத்தாழ 600 வருஷப் பழசு. தமிழ் இலக்கியம் படிக்கிற மாணவர்களே முழுசாகப் படிக்காத அந்தப் புத்தகத்தை, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிகள் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு, போர் முடிகிற இடத்தில் நிறுத்திக்கொண்டார். எங்கள் விழாவின் கதையும் அந்தப் பதினெட்டாம் போரில்தான் முடிகிறது. பட்டாபிஷேகம் அதற்கு மேல் ஊர் சேர்த்துக்கொண்ட சந்தோஷம்.

விழாவின் பின்பாதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. வில் வளைப்பு, ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒரு ராத்திரிக்கு ஒன்று. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

நான் சொல்ல வந்த விஷயம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. பகலில் பிரசங்கியிடம் கேட்ட கதையை ராத்திரி, கூத்து ஆடுகிற களரியில் கண்ணால் பார்க்கிறோம். மறுநாள் காலையில் டீக்கடையிலும் குழாயடியிலும் அதையே பேசுகிறோம். 'சபையில் பீஷ்மர் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?' என்று நேற்று வரை பேசாத இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் அடுத்த மத்தியானம் வந்துவிடுகிறது. கேட்பது, பார்ப்பது, பேசுவது என்று இது நாள் கணக்கில் ஊறினால்தான் பாரதம் ஊருக்குள் இறங்கும். கர்ணன் சாகிறபோது அழ வேண்டுமென்றால், அவனோடு கொஞ்ச நாள் வாழ்ந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் கதையைச் சொல்லி முடிக்கலாம்தான். அவனோடு வாழ நேரம் இருக்காது.

துகில் ராத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வராந்தாவில் எட்டு மணிக்கே வேஷம் கட்ட உட்கார்ந்துவிடுவார்கள். கையகலக் கண்ணாடியைப் பார்த்து அவரவரே அரிதாரம் பூசிக்கொள்வார்கள். அப்புறம் கட்டை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை. இன்னொருவர் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். மூச்சு விட இடம் இருக்காது. அந்தக் கட்டோடுதான் மனிதர் விடியும் வரை கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டும், உச்ச ஸ்தாயியில் பாடவும் வேண்டும்.

களரியில் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் ஒரு சுற்று வாசித்து முடித்ததும் முகவீணை எழும்பும். சாண் நீளக் கருவி. அதன் சத்தம் ஊர்க்கோடி வரை போகும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவான். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடுவான். கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் காலும்தான் தெரியும். திரை விலகுகிறதுக்குள் குழந்தைகள் எழுந்து நின்றுவிடும். கதை எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷம் துரியோதனன் எப்படி வரப்போகிறான் என்பதற்குத்தான் அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

துகில் உரிகிற நேரம் மூன்று, மூன்றரை மணி ஆகிவிடும். அதுவரை பாயில் புரண்டுகொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றுவார். அம்மா, இது வயிற்றுப் பிழைப்புக்குக் கட்டின வேஷம், என்னை மன்னிக்க வேண்டும் என்று விழுந்து கும்பிடுவார். எதிரில் பாஞ்சாலியாக நிற்பவர் பக்கத்து ஊரில் ஏர் ஓட்டுகிற ஆண்பிள்ளை. அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கிழவி கிடையாது. இந்த இடத்தை எந்த மேடையில், எந்தக் கால் மணி நேரத்தில் கொண்டுவந்து வைப்பது?

மேடை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நகரத்து விழாக்கள் மேல் எனக்கு மனக்குறை இல்லை. 2007-ல் சென்னை சங்கமம் என்ற கலைவிழா வந்தபோது கூத்துக்காரர்கள் பூங்காக்களில் ஆடினார்கள். மரியாதையும் கிடைத்தது, கூலியும் கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே புரிசை என்ற ஊரின் கூத்தைப் பார்த்து எழுத்தாளர் ந. முத்துசாமி அசந்துபோய், நவீன நாடகக்காரர்களைக் கூத்தின் பக்கம் திருப்பினார். 1977-ல் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்தது. காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடக் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே போய் ஆடுகிற கலைஞர் அந்தக் குரலையும் தெம்பையும் ஊர்க் களரியில் ராத்திரி ராத்திரியாக ஆடித்தான் சம்பாதித்தார். களரியை மூடிவிட்டு மேடையை மட்டும் வைத்துக்கொண்டால், மேடைக்கு அனுப்ப அடுத்த தலைமுறையில் ஆள் எங்கிருந்து வரும்?

பிழைப்பு விஷயம் இன்னும் கடுமையானது. ஒரு கூத்து ஜமா என்றால் வாத்தியக்காரர்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் வரை இருப்பார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, வருகிற தொகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வண்டி வாடகை, அரிதாரம், மூலிகைக் கஷாயம் எல்லாம் அதற்குள்தான். பங்குனி முதல் ஆடி வரை சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். மற்ற நாளில் கொத்து வேலை, கழனி வேலை. நம் ஊர் ராத்திரிகளைக் குறைத்தால் பக்கத்து ஊரும் குறைக்கும். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்கிற போட்டி ஒரு காலத்தில் ராத்திரிகளைக் கூட்டியது. இப்போது அதே போட்டி குறைக்கிற பக்கம் திரும்பினால், ஒரு வாத்தியார் தன் பையனிடம் என்ன சொல்லி மிருதங்கத்தைக் கையில் கொடுப்பார்?

சரி, பார்க்க ஆள் இல்லை என்கிறார்களே. பிரசங்கத்துக்கு ஆள் குறைந்தது வாஸ்தவம். மத்தியானம் மூன்று மணிக்கு வயதானவர்களும், நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வந்து பாருங்கள். பனை உயரத்துக்கு நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறான். உச்சியிலிருந்து அவன் வீசுகிற எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் கேட்கிற பெண்கள் ஈரச் சேலையோடு கீழே மடியேந்தி நிற்கிறார்கள். அன்றைக்கு ஊரில் சைக்கிள் விட இடம் இருக்காது. படுகளம் இன்னும் பெரிது. மண்ணால் செய்த துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமனும் துரியோதனனும் அவன் மேலேயும் சுற்றியும் கதாயுதத்தோடு ஓடிப் பிடிக்க, ஜனம் பின்னாலேயே ஓடும். தொடை பிளந்த பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அப்புறம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் நெல் குதிரில் போடுவார்கள். சாயங்காலம் தீமிதி. பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கூட லீவு போட்டுவிட்டு வருகிறான்.

ஆக, ஆள் இருக்கிறது. எல்லா நாளும் இல்லை, அவ்வளவுதான். கூட்டம் சேர்கிற நாளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், படுகளத்தில் பாஞ்சாலி கூந்தல் முடிகிறபோது பெண்கள் ஏன் விம்மி அழுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துகில் ராத்திரியில் அந்தக் கூந்தல் அவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். இடையில் இத்தனை நாள் அது அவிழ்ந்தே கிடந்தது. அந்த நாட்களை எடுத்துவிட்டால் படுகளத்தில் நாம் பார்ப்பது வெறும் மண் பொம்மைதான்.

சத்தம் பற்றிய புகாரையும் ஒதுக்க மாட்டேன். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கென்று மாநில அரசு வருஷத்தில் 15 நாள் வரை தளர்த்தலாம். அதுவும் நடுராத்திரி பன்னிரண்டு வரைதான். கூத்து ஆடுகிற நேரமும் சட்டம் தடுக்கிற நேரமும் அப்படியே ஒன்றாக இருக்கிறது. அனுமதி கேட்டுப் போகிற கமிட்டிக்காரர்கள் வருஷா வருஷம் படுகிற பாடு எனக்குத் தெரியும். அதே சமயம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் தூங்கத்தான் வேண்டும். நாலு தெருவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது கூத்துக்குத் தேவையே இல்லை. மைக் வருவதற்கு முன்னாலும் ஆடினார்கள்; களரியைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டது. நாமாக முதலில் ஸ்பீக்கரை இறக்குவோம். அப்புறம், பாரதக் கூத்து நடக்கிற மாவட்டங்களின் எம்.எல்.ஏ.க்களும் கலைஞர் சங்கங்களும் சேர்ந்து இந்தக் கலைக்கென்று தனி ஏற்பாடு கேட்கட்டும். அதற்காக ஒவ்வொரு ஊரையும் காவல் நிலையத்து வாசலில் நின்று கெஞ்ச விடக்கூடாது.

இதையெல்லாம் எழுதுகிறவன் இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில், இதே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், உள்ளே வந்த தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்புறம் நீதிமன்றம் சொல்லித்தான் கதவு திறந்தது. சபை நடுவில் ஒருத்திக்கு நடந்த அவமானத்தை ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டு அழுகிற ஜனம், வாசலில் நிற்கிற மனிதனை அவமானப்படுத்துகிறது என்றால் அந்தப் பாரதம் யார் காதில் விழுந்தது? எங்கள் ஊரிலும் சாமி ஊர்வலம் இன்னும் காலனித் தெருவுக்குள் போவதில்லை. மேளம் அடிக்க மட்டும் அங்கிருந்து ஆள் வேண்டும். விழாவை மாற்ற வேண்டும் என்று துடிக்கிறவர்கள் முதலில் இதை மாற்றுங்கள். ஊர்வலம் காலனிக்குப் போகட்டும், அங்கிருந்து இரண்டு பேர் விழாக் கமிட்டியில் உட்காரட்டும், வரியும் உபயமும் அங்கேயும் வாங்கப்படட்டும். வசூல் குறைகிறது என்று கவலைப்படுகிற ஊர், பாதி ஊரை வெளியே நிறுத்திவைத்துக் கணக்குப் பார்க்கிறது.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் யூடியூபில் ராத்திரி முழுக்க எடுத்த கூத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று எனக்கே தெரியும். போன் செய்து அந்த ஜமாவை இந்த வருஷம் பேசியாயிற்றா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் மொத்தமாக விழாவுக்கு என்று கேட்காமல், இந்த ராத்திரி உன் பேரில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் உபயம் அப்படித்தான் நடந்தது. ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு. தனி வீட்டால் முடியாவிட்டால் நாலு வீடு சேரலாம். பிரசங்கத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தள்ளி வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கேட்க வருவார்கள். நேரத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நாளைக் குறைக்கத்தான் வேண்டாம் என்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்தப் பதிவில் எழுதியதை அங்கேயும் எழுந்து சொல்வேன். நீங்களும் வாருங்கள், குறிப்பாகப் பெண்கள் வாருங்கள். பிரசங்கத்துக்கு உட்காருகிறவர்கள் நீங்கள், கூட்டத்தில் மட்டும் ஏன் இல்லை? துகில் ராத்திரியின் உபயத்தை எங்கள் வீட்டுப் பேரில் எழுதச் சொல்லிவிட்டேன். அபிமன்யு சண்டைக்கு மேலத்தெரு நண்பர்கள் சேர்ந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கர்ண மோட்சத்துக்கும் பதினெட்டாம் போருக்கும் இன்னும் உபயதாரர் இல்லை. முழு ராத்திரி முடியாவிட்டாலும் பரவாயில்லை, முகவீணைக்காரர் பங்கு மட்டும், வண்டி வாடகை மட்டும் என்றும் தரலாம். விருப்பம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும், அவர்களை வேறு ஊர் பேசிவிடும்.