பல்லடம் பக்கம் சுழன்றது டொர்னாடோ இல்லீங்க

"பல்லடத்தில் டொர்னாடோ, காற்றாலைகள்தான் காரணம்" என்று ஒரு வீடியோ குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. சோளத்தட்டு, பாலித்தீன் பை எல்லாம் மண்ணோடு சுழன்று மேலே போகிறது, பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வானத்தைப் பாருங்கள், ஒரு பொட்டு மேகம் கிடையாது, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கதை அங்கேயே முடிந்தது.

இது நம்ம சூறைக்காற்று. உழுதுபோட்ட செம்மண் காடு நண்பகலில் கொதிக்கும்போது தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலேறுகிறது, சுற்றியுள்ள காற்று அந்த இடத்துக்கு ஓடிவந்து சுழல்கிறது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். டொர்னாடோ இதற்கு நேர்மாறாக மேலே, இடிமேகத்தில் தொடங்குவது. கீழே ஈரமான வெப்பக்காற்று, அதற்கு மேல் குளிர்ந்த உலர்காற்று, உயரம் போகப்போகக் காற்றின் வேகமும் திசையும் மாறுவது, இத்தனையும் ஒரே நேரத்தில் கூடி வரவேண்டும். அமெரிக்கச் சமவெளியில் மெக்சிகோ வளைகுடா ஈரமும் ராக்கி மலைப்பக்கத்து வறண்ட காற்றும் அடிக்கடி சந்திப்பதால் அங்கே அது சகஜம். இந்தப் பக்கம் வராது என்றும் இல்லை, 1989 ஏப்ரலில் வங்கதேசத்தில் வந்த ஒன்று சுமார் 1,300 பேரைக் கொன்றது.

அப்புறம் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இருந்து அது சக்தியை எடுக்கிறதே ஒழியக் கொடுப்பதில்லை. டொர்னாடோவைப் பெறும் மேகமோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம், அதன் முன்னால் நூறு சொச்சம் மீட்டர் காத்தாடி எம்மாத்திரம்!