பேர்ச் கணக்கில் வயல் விலை பேசுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தக் குரல் பதிவு எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. குடும்ப வயலில் அண்ணாவின் பங்கை நான் காசு கொடுத்து எடுத்தேன். "தங்கச்சி எங்களை ஏமாத்திப் போட்டாள்" என்று அண்ணா சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அண்ணாவின் கணக்கு இதுதான். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு பேர்ச் இவ்வளவு போகிறதாம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். எங்களுடையது இரண்டு ஏக்கர், 320 பேர்ச். பெருக்கினார், கோடிகள் வந்தன. நான் கொடுத்த காசைக் கழித்தார், நான் கள்ளி ஆகிவிட்டேன்.

பெருக்கல் சரி அண்ணா. பெருக்கிய காணிதான் பிழை. கடற்கரையில் விடுதி கட்ட வாங்குகிற துண்டும் தம்பலகாமத்தில் நாங்கள் நெல் விதைக்கிற துண்டும் ஒரே திருகோணமலை மாவட்டத்தில் கிடந்தால் ஒரே விலையா? பேர்ச் என்பது வீட்டு வளவுக்குச் சொல்கிற கணக்கு. எங்கள் பக்கம் வயலை ஏக்கரில்தான் கேட்பார்கள். ஏக்கர் எத்தனை என்று கேட்ட கையோடு அடுத்த கேள்வி, "தண்ணி எப்பிடி?"

தண்ணீர்தான் விலை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எங்கள் வரம்புக்கு வருவதற்குள் எத்தனை பேருடைய வயலைத் தாண்டி வருகிறது என்று அண்ணாவுக்கு நினைவிருக்காது. வாய்க்காலின் கடைசியில் கிடக்கிற காணி அது. மழைக்காலப் பெரும்போகம் பரவாயில்லை. குளம் நிரம்பாத வருசத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடுகிற கூட்டத்துக்குப் போய், எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவது யார்? உழவு மெசின் உள்ளே போக அடுத்தவர் வரம்பால் போக வேண்டும், அவர் மனம் வைத்தால்தான் பாதை. யானை வேறு. போன வருசம் ஒரே இரவில் ஐந்து தென்னம்பிள்ளை போனது. இதெல்லாம் எந்தப் பேர்ச்சில் வருகிறது?

அதைவிட, முக்கால் ஏக்கருக்கு உறுதிப்பத்திரமே இல்லை, அரசாங்கம் கொடுத்த பேர்மிட் மட்டும்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்க முடியாததற்கு உறுதிக்காணி விலை கேட்கிறார், கனடாவில் வீடு வாங்கி விற்றவர்.

"அப்ப மதிப்பீட்டாளரைப் பிடிச்சிருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடித்தேன் ஐயா. என் காசில். அவர் வெயிலில் இறங்கி நடந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, பக்கத்தில் அண்மையில் கைமாறிய வயல்களை விசாரித்துத்தான் எழுதினார். உறுதியில் போட்ட விலையை மட்டும் நம்ப முடியாது, முத்திரை வரிக்குப் பயந்து குறைத்து எழுதுவார்கள். தரகர் சொல்கிற விலையையும் நம்ப முடியாது, அது கேட்கிற விலை. விற்ற விலை இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டுக் குத்தகைக் கணக்கையும் போட்டார். அந்தக் குத்தகை நெல்லை இருபது வருசத்துக்குச் சேர்த்துக் காசாக்கினாலும் நிலாவெளிக் கணக்கின் கிட்டவும் வராது. அறிக்கை வந்த அன்றே அண்ணாவுக்கு அனுப்பினேன். "ஓகே தங்கச்சி" என்று பதில் போட்டவர்தான் அவரும்.

இனி ரோட்டு வரும், விலை ஏறும் என்கிறார்கள். வரட்டும், அப்போது பார்ப்போம். அண்ணாவின் காசில் இரண்டாவது தவணையை ஏழு மாதம் பிந்திக் கொடுத்தேன், அது உண்மை. அந்தப் போகம் அறுவடை நேரத்து மழையில் நெல் முளைத்துப் போனது, அதுவும் உண்மை.

"அண்ணனை முகநூலில் இழுக்கலாமா, பொம்பிளைப் பிள்ளை" என்று உள்பெட்டியில் வந்த பெரியவர்களுக்கு: அவர் என்னை ஊர் முழுக்க இழுத்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? கோயிலடியில்தானே. பக்கத்தில்தானே.

1986 சித்திரையில் கந்தளாய்க் குளம் உடைத்து வந்த வெள்ளம் அந்த வயலை மண்ணால் மூடிவிட்டுப் போனது. எனக்கு ஒன்பது வயது. அப்பா மண்ணை வெட்ட வெட்ட, அம்மாவும் நானும் கடகத்தில் அள்ளிக் கொட்டினோம். அண்ணா பட்டணத்தில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தார். படிக்கிற பிள்ளை, கூப்பிட வேண்டாம் என்றார் அப்பா. அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. 90இல் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஓடினோம், காணி காடாகிக் கிடந்தது. திரும்பி வந்து பற்றை வெட்டினது, அப்பா படுத்த பிறகு கமநல நிலையத்தில் பசளைக்கு வரிசையில் நின்றது, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனது, எதையும் நான் விலையில் கழிக்கவில்லை. மதிப்பீட்டாளர் எழுதின விலையில் அண்ணாவின் பங்கு எவ்வளவோ, அதைச் சதம் குறையாமல் கொடுத்தேன்.

சரி, அந்தக் கோடிக் கணக்குத்தான் சரி என்றால் வழி இருக்கிறது. என் பங்கையும் அதே பேர்ச் விலைக்கு அண்ணாவே எடுக்கட்டும். யானையும் கடைசி வாய்க்காலும் இலவசம்.

மதிப்பீட்டு அறிக்கையையும் வங்கிச் சிட்டைகளையும் குடும்பக் குழுவில் நேற்றிரவு இரண்டாம் தடவையாகப் போட்டேன். எல்லாரும் பார்த்து நீலக் கோடு விழுந்து பதினெட்டு மணித்தியாலம்.