செம்பு காட்டும் இடமும் செம்பு இருக்கும் இடமும்

மண் மாதிரிகளைச் சோதித்து வரைபடம் போட்டுத் தாது தேடுவது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். மண்ணில் செம்பு கூடுதலாகக் காட்டும் இடத்தில் துளை போட்டால் தாது கிடைக்கும் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து மண்ணான நிலத்துக்கு இது ஓரளவு சரி. அவர் உதாரணம் காட்டும் ஃபின்லாந்துக் காடுகளுக்குச் சரிவராது. அங்கே காலடியில் இருக்கும் மண், பனியுகத்தில் பனிப்பாளம் எங்கிருந்தோ அரைத்து இழுத்துவந்து கொட்டியது.

ஃபின்லாந்தின் அவுட்டோகும்பு செம்புச் சுரங்கத்தின் கதையையே பாருங்கள். 1908இல் அந்நாட்டின் கிழக்கே கிவிசால்மி என்ற இடத்தில் கால்வாய் ஆழப்படுத்தும்போது செம்புத் தாதுள்ள பெரிய பாறாங்கல் ஒன்று சிக்கியது. அந்த இடத்தையே தோண்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. கல்லைப் பனி இழுத்துவந்திருக்க வேண்டும் என்பதால், ஓட்டோ ட்ரூஸ்டெட் என்ற நிலவியலாளர் பனி நகர்ந்த திசைக்கு எதிராக, வடமேற்கே தேடிக்கொண்டே போனார். 1910இல் சுமார் 50 கி.மீ. தள்ளி, அந்தக் கல் பெயர்ந்துவந்த தாய்ப்பாறை அகப்பட்டது. (பின்னாளில் கந்தக வாடையை வைத்து இத்தகைய கற்களை மோப்பம் பிடிக்க நாய்களைக்கூடப் பழக்கினார்கள்!)

இன்னொன்று, ஆழம். ஊசியிலைக் காட்டில் மேலே இலைமட்கு, அதற்குக் கீழே சாம்பல் நிற மண். அமில நீர் உலோகங்களைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுவதால் அந்த அடுக்கு கிட்டத்தட்ட சக்கைதான். அதனடியில் துருநிற அடுக்கு, அங்கே இரும்போடு மற்ற உலோகங்களும் ஒட்டிக்கொள்ளும். ஒரு குழியில் சாம்பல் அடுக்கிலும் அடுத்த குழியில் துரு அடுக்கிலும் அள்ளினால், நிலத்தில் இல்லாத தாது வரைபடத்தில் முளைக்கும். கட்டுரையில் உள்ள வரைபடத்துக்கு எந்த அடுக்கில் மாதிரி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.