பிணங்களைவிட அந்த இன்ஸ்பெக்டர்தான் பயமுறுத்துகிறார்

ஜாம்பி படம் என்றாலே அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவில் தொடங்கி ரொமேரோவிலேயே முடித்துவிடுகிறோம். 1968-லும் 1978-லும் வந்த அவருடைய இரண்டு படங்களுக்கு நடுவில் சிக்கி, 1974-இல் வெளியான ‘தி லிவிங் டெட் அட் மான்செஸ்டர் மோர்க்’ பேச்சிலேயே அடிபடாமல் போய்விட்டது. தயாரிப்பு ஸ்பெயினும் இத்தாலியும். இயக்கம் பார்சிலோனாவில் பிறந்த ஹோர்ஹே கிராவ். கதை நடப்பதோ இங்கிலாந்தில். நாட்டுக்கு நாடு ஒரு பெயர் சூட்டி வெளியிட்டதும் படத்துக்குக் கெடுதல்தான். தலைப்பில் பிணவறை இருக்கிறதே தவிர, படத்தில் பெரும்பகுதி பச்சைப் புல்வெளியும் கல்வேலிகளும்தான்.

முதல் சில நிமிடங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். மான்செஸ்டர் தெருக்கள், புகை, நெரிசல், இறுகிய முகங்கள். நடுவே ஒரு பெண் ஆடையில்லாமல் சாலையைக் கடந்து ஓடுகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னணியில் ஜூலியானோ சொர்ஜினியின் துள்ளல் இசை. பிணம் ஒன்றுகூட இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் இந்த ஊர் செத்துத்தான் கிடக்கிறது என்று காட்டிவிடுகிறார் கிராவ்.

பிணங்கள் எழுவதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சாபமில்லை, மந்திரமில்லை. பயிரைத் தின்னும் பூச்சிகளை ஒழிக்க வேளாண்மைத் துறை வயலில் ஓர் இயந்திரத்தை இறக்கிச் சோதித்துப் பார்க்கிறது. ரசாயனமே இல்லை, அதிர்வலை மட்டும்தான், மனிதருக்கு ஆபத்தில்லை என்று அதிகாரிகள் பெருமையாக விளக்குகிறார்கள். அந்த அலை பூச்சிகளின் எளிய நரம்பு மண்டலத்தைத் தாக்கி, ஒன்றையொன்று கொல்லவைக்கிறது. அண்மையில் இறந்தவர்களின் நரம்புகளும் அதற்குப் பணிகின்றன. பக்கத்து மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் தாதியைக் கடிக்கின்றன. சோதனை தரும் வெற்றியில் பூரித்துப்போன துறை, இயந்திரத்தின் வீச்சை இன்னும் கூட்டுகிறது. அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் கற்பனை எதுவும் தெரியாது.

ஆனால் படத்தின் உண்மையான வில்லன் ஆர்தர் கென்னடி நடித்த இன்ஸ்பெக்டர். நாயகன் ஜார்ஜுக்கு நீண்ட முடி, தாடி, மோட்டார் சைக்கிள். இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு போதும். குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. தடயங்கள் எதைச் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. கல்லறையில் நடந்ததைச் சொன்னால், சாத்தான் வழிபாடு என்று வழக்கை இன்னும் இறுக்குகிறார். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு ஆட்சியில் இருந்த காலம் அது. சொந்த நாட்டுப் போலீஸை நேராகக் காட்ட முடியாததால்தான் கிராவ் ஆங்கிலேயச் சீருடைக்குள் ஒளித்துக் காட்டினார் என்பது என் கணிப்பு.

ரத்தக் காட்சிகளுக்கும் குறைவில்லை. பின்னாளில் இத்தாலிய இயக்குநர் லூசியோ புல்சியின் ஜாம்பி படத்துக்கு ஒப்பனை செய்த ஜானெட்டோ டி ரோஸிதான் இதிலும். ஆனால் என்னை உலுக்கியது வேறு காட்சி: நிலவறையில், எழுந்து நடமாடும் பிணம் ஒன்று விரலில் ரத்தம் தோய்த்து, படுத்திருக்கும் பிணத்தின் இமையில் தடவுகிறது. இமை திறக்கிறது. கூடவே இழுத்து இழுத்து விடும் மூச்சுச் சத்தம்.

குறை உண்டு. நாயகி எட்னாவுக்கு அலறுவதைத் தவிரப் பெரிய வேலையில்லை. நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கிறது. டப்பிங் குரல் சில இடங்களில் உதட்டோடு ஒட்டவில்லை. முடிவை நான் சொல்லப் போவதில்லை. இன்ஸ்பெக்டரின் கடைசி வசனத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள்; ஆசைப்பட்டுக் கேட்டது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.