கிளட்ச் தட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

“பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கிளட்ச் (எஞ்சின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நழுவினால் தட்டை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் கடைக்காரர் தலையில் கட்டுவது” என்று ஒரு குறிப்பு சுற்றிவருகிறது. தவறு.

நழுவும்போது கிளம்பும் சூடு தட்டோடு நிற்பதில்லை. தட்டை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரம்) பிரஷர் பிளேட்டும் (தட்டை அதன்மேல் அழுத்தும் பாகம்) அதே சூட்டை வாங்கி, இடையிடையே நீலம் பாரிக்கும். சில நேரம் மயிரிழை விரிசலும் விடும். அந்த முகத்தில் புதுத் தட்டு ஒழுங்காகப் பதியாது. வண்டி கிளம்பும்போதே உதறும்.

அப்புறம் வேலையின் அளவைப் பாருங்கள். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக் காரில், பின்பக்கம் விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும், கியர்பாக்ஸைப் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலோடு இணைக்கும் நீளச் சட்டமும் கழன்று, கியர்பாக்ஸ் இறங்கினால்தான் கிளட்ச் கண்ணில் படும். வீட்டில் ஸ்டாண்டு வைத்து, முதுகு தரையில் பட இவ்வளவும் செய்துவிட்டு, பழைய ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிப்பது) பைலட் பேரிங்கையும் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) அப்படியே விடுவது என்ன சிக்கனமோ!

ஒன்று சரி: புது ஃப்ளைவீல் கட்டாயமில்லை. விரிசல் இல்லாவிட்டால் முகத்தைக் கடைந்து சமன்செய்தாலே போதும். ஆனால் தட்டில் எண்ணெய் படிந்திருந்தால், கசிவது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீலா, கியர்பாக்ஸின் முன் சீலா என்று பார்த்து முதலில் அதை மாற்றுங்கள். இல்லையேல் புது செட்டும் நழுவும். செட் வாங்கும்போது 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மி.மீ., 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 215 மி.மீ. விட்டமுள்ள தட்டு.