சிவப்புப் பொட்டு வைத்த துண்டுகளில் விளக்கு எரிகிறதா?

இன்று காலையும் தங்கச்சி போன் எடுத்தாள். ஆடி மாதம் நாங்கள் போய்ப் பார்த்த அந்தக் காணியில் பேர்ச்சுக்கு, அதாவது 272 சதுர அடி நிலத்துக்கு, 50,000 ரூபா கூட்டிவிட்டார்களாம். "அண்டைக்கே அட்வான்ஸ் குடுத்திருக்கலாம் அண்ணா" என்றாள். அவளுடைய குரலில் இருந்த பதற்றம்தான் இதை எழுத வைக்கிறது. அவளுடைய மகளுக்கு ஆவணியில் கலியாணம். நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் சம்பந்தம் பேசுவது கஷ்டம். வீடு இல்லாவிட்டால் காணியாவது காட்ட வேண்டும். அந்த வழக்கம் சரியா பிழையா என்பதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் காணி விற்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டு வருகிற தகப்பனால் விலை பேச முடியாது.

எனக்கு இந்த விசயம் கொஞ்சம் உள்ளேயிருந்து தெரியும். திருகோணமலையில் ஒரு சேவையரிடம் (நில அளவையாளரிடம்) 11 வருடம் காணிப் படம் கீறிக்கொண்டிருந்தேன். பெரிய காணி ஒன்றை வாங்கித் துண்டு போட வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை லொட் (துண்டு) எடுக்கலாம்?" என்பதுதான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரு பேச்சுக்கு 2 ஏக்கர் என்று வையுங்கள். 320 பேர்ச். பேர்ச் 1 இலட்சத்துக்கு வாங்கினால் 3 கோடி 20 இலட்சம். வீதிக்கும் கானுக்கும் (வடிகாலுக்கும்) 50 பேர்ச் போனால் மிச்சம் 270. ஆகவே விற்கக்கூடிய ஒரு பேர்ச்சின் அடக்கம் 1 இலட்சத்து 18,500 ரூபா அளவில் வரும். கிறவல், மதகு, மின்கம்பம், சேவையர் கூலி, நொத்தாரிசு, விளம்பரம், போட்ட காசுக்கு வட்டி என்று இன்னும் 50,000 சேர்த்தாலும் 1 இலட்சத்து 70,000ஐத் தாண்டாது. அதை மூன்று, மூன்றரை இலட்சம் என்று விற்கிறார்கள். லாபம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. முழுக் காசையும் முடக்கிவிட்டு, துண்டுகள் போகாமல் இரண்டு மூன்று வருடம் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கவலை அந்த விலை எப்படிக் கட்டப்படுகிறது என்பதில்தான்.

வீதியை எடுத்துக்கொள்வோம். 20 அடி வீதியை 15 அடியாக ஒடுக்கினால், 550 அடி நீளத்துக்கு 2,750 சதுர அடி மிச்சமாகும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியென்றால் 10 பேர்ச். சரியாக ஒரு லொட்! இந்தக் கணக்கை என் கையாலேயே எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். அந்த 5 அடி போனதால் தண்ணி பவுசர் உள்ளே திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வெளியே வருகிறது என்பதை அங்கே குடிபோனவர்கள்தான் பிறகு கண்டுபிடிப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. துண்டு போடும் காணி 1 ஹெக்டேயரை, அதாவது சுமார் 395 பேர்ச்சைத் தாண்டினால், வீதி போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத்தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் விதி. பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வரவேண்டும் என்பதற்காக வைத்த விதி. 2 ஏக்கர், இரண்டேகால் ஏக்கர் என்று காணிகள் அந்த அளவுக்குள்ளேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் விலை போடுவது. பிரதான வீதி முகப்புக்கு ஒரு விலை, மூலைத் துண்டுக்கு ஒரு விலை, உள்ளே போகப்போகக் குறையும். படத்தில் நான் கடைசியாகக் கீறுவது எப்போதும் பின்மூலையில் மிஞ்சுகிற துண்டு. ஒரு பக்கம் ஒடுங்கி, கானோடு ஒட்டி, வீடு வைக்க ஒழுங்கான சதுரம் வராது. பெனரில் பெரிய எழுத்தில் "பேர்ச் இத்தனை இலட்சத்திலிருந்து" என்று வருகிறதே, அது பெரும்பாலும் அந்தத் துண்டின் விலைதான். அதை நம்பிப் போகிறவர் மற்றத் துண்டுகளின் விலையைக் கேட்டதும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒன்றைப் பிடிப்பார்.

ஆடியில் நாங்கள் போன நாளைச் சொல்கிறேன். அலஸ்தோட்டம் தாண்டி உள்ளுக்கு. கச்சான் காற்று சுழற்றி அடிக்கிற வெயில். நிலம் காய்ந்து வெடித்திருந்தது. கொட்டகையில் படத்தை ஒட்டி, விற்ற துண்டுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, 27ல 6 தான் மிச்சம். பின்னேரம் லண்டனில இருந்து வந்த ஆக்கள் பார்க்க வாறாங்க" என்றான். மச்சான் உடனே என் முகத்தைப் பார்த்தார். நான் பின்வரிசைக்கு நடந்துபோய்க் குனிந்து பார்த்தேன். புல்லை மட்டமாக வெட்டியிருந்தார்கள், ஆனால் அடிக்கட்டை தெரிந்தது. கோரை. கோரை நிற்கிற இடத்தில் மாரியில் தண்ணீர் நிற்கும். "ஒரு மழை பார்த்துவிட்டு முடிவெடுப்போம்" என்று சொன்னேன். தங்கச்சிக்கு அன்று என்மேல் கோபம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் எத்தனை உயிர்கள் போயின, மூதூர், வெருகல் பக்கம் சனம் என்ன பாடுபட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு கிழமை கழித்து அந்தக் காணிக்குப் போனேன். பின்வரிசையில் எல்லைக்கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. புயல் தண்ணீரை வைத்து ஒரு காணியை எடைபோடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், சரி. ஆனால் முன்வரிசை அதற்குள் காய்ந்துவிட்டதே. கொட்டகையில் படத்தைப் புதிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஆடியில் பொட்டு வைத்திருந்த 11ஆம், 14ஆம் லொட்டுகளில் இப்போது பொட்டு இல்லை. படத்தோடு வாழ்ந்தவனுக்கு லொட் நம்பர் மறக்காது. கேட்டதற்கு, புக் பண்ணினவர்கள் விட்டுவிட்டார்கள் என்றான் அந்தத் தம்பி. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புக்கிங் வந்தால் "நல்ல கேள்வி இருக்கு" என்று விலையை ஏற்றுகிறீர்கள், புக்கிங் போனால் ஏன் ஒரு ரூபாகூட இறங்குவதில்லை? இன்று கூட்டியிருக்கிற 50,000 அதே பொட்டுகளை நம்பித்தானே.

இதில் உண்மை விலையைத் தேடிப் பார்க்கவும் வழியில்லை. காணி கைமாறும்போது முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிச்சத்துக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வை. அதற்குப் பயந்து பலர் காணி உறுதிப் பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதுகிறார்கள். ஆகவே காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பார்த்தாலும் ஊரில் என்ன விலை நடக்கிறது என்று தெரியாது. பெனரில் இருப்பதுதான் ஊர் விலையாகிறது. பக்கத்து வளவுக்காரரும் அதைப் பார்த்துத் தன் காணிக்கு விலை சொல்கிறார். ஆறு மாதத்தில் அந்தத் தெருவுக்கே அது விலையாகிவிடும். கடனுக்குப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைவிடக் குறைத்துத்தான் போடுவார். வித்தியாசத்துக்கு நகை அடைவுக்குப் போகும்.

2022ஐ மறக்க முடியாது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வங்கியில் காசு வைத்திருந்தவர் அது கரைவதைப் பார்த்துக் காணி தேடி ஓடினார். வெளிநாட்டில் இருப்பவருக்கு 10,000 டொலர் 20 இலட்சமாக இருந்தது 36 இலட்சமானது. அதே நேரம் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குக் கடன் வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. அவர் வாங்குகிற எண்ணத்தையே விட்டார். இப்போது வட்டி இறங்கி, மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75 சதவீதத்துக்கு வந்த பிறகு அவர் திரும்பி வருகிறார். வந்து பார்த்தால் அவர் இல்லாத காலத்தில் ஏறிய விலை அங்கேயே நிற்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 83இலும் 90இலும் 2006இலும் போட்டது போட்டபடி ஓடியவர்களுக்குச் சொந்த ஊரில் ஒரு துண்டு காணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது. தனியார் பெயரில் உறுதி உள்ள காணியும் இங்கே கொஞ்சம்தான். நாடு முழுவதும் 80 சதவீதத்துக்கு மேல் அரச காணி. நம் ஊரில் துறைமுகத்தைச் சுற்றியே எவ்வளவு நிலம் அடைபட்டுக் கிடக்கிறது! மிச்சமிருப்பதற்குப் போட்டி வரத்தான் செய்யும்.

ஆனால் விற்றுத் தீர்ந்த காணி ஒன்றுக்கு இரவில் போய்ப் பாருங்கள். சாம்பல்தீவுப் பக்கம் 2014இல் நான் படம் கீறிய ஒன்று, 31 லொட். ஒரே வருடத்தில் எல்லாம் போய்விட்டது. போன மாதம் இரவு 7 மணிக்கு அந்த வழியால் வந்தபோது மோட்டார் சைக்கிளை நிறுத்தி எண்ணினேன். 5 வீட்டில் விளக்கு எரிந்தது. மற்ற இடமெல்லாம் ஈச்சம் பற்றையும் கம்பி வேலியும். கிறவலை மழை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வாசலில் நின்ற ஓர் அம்மா சொன்னா: "வித்தவங்க போயிட்டாங்க தம்பி, வாங்கினவங்களும் வரல்ல. குப்பை ட்ரக்டர் அஞ்சு வீட்டுக்காக உள்ளுக்கு வராதாம். இரவில பிள்ளை டியூசன் முடிஞ்சு வாற மட்டும் நான் இதில டோர்ச்சோட நிப்பன்." கிணறும் கோடையில் உவர் தட்டுகிறதாம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற பாதை பக்கத்திலேயே போகிறது, ஆனால் உள்ளுக்கு இழுக்கிற செலவை 5 வீட்டால் தாங்க முடியவில்லை. 31 பேரும் குடிவந்திருந்தால் அந்தச் செலவு பெரிதாகவே தெரிந்திருக்காது.

அந்த 31இல் 26 துண்டுகள்தான் பக்கத்துக் காணிகளின் விலையை ஏற்றியவை. அங்கே ஒரு சட்டி சோறுகூட வெந்ததில்லை.

இனித் துண்டு போடுகிறவர்கள் எல்லா லொட்டுக்கும் விலையைப் படத்திலேயே எழுதி ஒட்டட்டும், "இலிருந்து" வேண்டாம். உள்ளூராட்சி சபை அங்கீகரித்த படத்தைப் பெனருக்குப் பக்கத்தில் தொங்கவிடட்டும், மாரியில் தண்ணீர் நிற்கிற அளவையும் குறித்து. சேவையருக்கு அது அரை நாள் வேலை. மட்டம் பிடிக்கிற கருவி எப்படியும் அவர் கையில்தான் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் மார்கழியில் ஒருமுறை போய்க் காலை வைத்துப் பாருங்கள். தங்கச்சிக்கும் அதைத்தான் சொன்னேன். வாற சனிக்கிழமை பாலையூற்றுப் பக்கம் ஒரு பழைய வளவைப் பார்க்கப் போகிறோம். நான்கு பக்கமும் ஆட்கள் இருக்கிற இடம்.

இதை வாசிக்கிற ஊராக்களிடம் ஓர் உதவி. கடந்த பத்து வருடத்தில் காணி வாங்கியிருந்தால் பகுதி, வருடம், உண்மையில் கொடுத்த விலை, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். பெயரோ லொட் நம்பரோ வேண்டாம். நான் தொடங்குகிறேன். பாலையூற்று, உள் ஒழுங்கை, 2016. பேர்ச் 1 இலட்சத்து 40,000, மொத்தம் 12 பேர்ச். உறுதியில் அதைவிடக் குறைத்துத்தான் எழுதினோம்.